தூறல் விழுந்த படங்கள்

என் மேசைமேல் இரண்டு பிரிண்ட்கள் இருக்கின்றன. இரண்டும் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம். இரண்டிலும் துரியோதனன். செய்யாறுப் பக்கத்தில் ஒரே ஊர், அதே திரௌபதி அம்மன் கோயில் திடல், பாரதக் கூத்தின் கடைசி இரவான பதினெட்டாம் போர். ஒன்று 2006-ல் எடுத்தது, இன்னொன்று 2019-ல். வேஷம் கட்டியவரும் ஒருவரே. பதிமூன்று வருஷத்தில் கழுத்துச் சதை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. புருவத்தை ஏற்றிப் பார்க்கும் திமிர் தளரவில்லை.

முதல் படம் ஐ.எஸ்.ஓ. 1600. அன்று என்னிடம் இருந்தது ஆறு மெகாபிக்சல் சிசிடி கேமரா; அதற்குமேல் அதில் எண் கிடையாது. இரண்டாவது படம் ஐ.எஸ்.ஓ. 6400. எண்ணை மட்டும் பார்க்கிறவர் இரண்டாவதில்தான் நாய்ஸ் கூடுதலாக இருக்கும் என்பார். நான் பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் வைக்கிறேன்: துரியோதனனின் இடது புஜகீர்த்திக்குப் பின்னால் இருக்கும் இருட்டில். நாய்ஸை ரசிக்க விரும்புகிறவர் முகத்தைப் பார்க்கக்கூடாது, முதலில் இருட்டைத்தான் பார்க்க வேண்டும். கேமராவின் குணம் அங்கேதான் தங்குகிறது.

2006-ன் இருட்டு, மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த சுண்ணாம்புச் சுவரைப் போல இருக்கிறது. ஊதாத் திட்டு, பக்கத்தில் பச்சைத் திட்டு, ஒவ்வொன்றும் கடுகளவு. அவற்றின் குறுக்கே, கண்ணை இடுக்கிப் பார்த்தால், மெல்லிய கிடைக்கோடுகள். 2019-ன் இருட்டிலும் நாய்ஸ் இருக்கிறது. ஆனால் நிறமில்லை, திட்டு இல்லை, கோடு இல்லை. சலித்த ஆற்றுமணலைக் கறுப்புத் துணியில் தூவிவிட்டதுபோல ஒரே சீராக, பொடிப்பொடியாக. அந்தப் பரப்பை விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும்.

ஸ்டூடியோக்காரர்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "நாய்ஸ் அடிச்சிருக்கு." வார்த்தை ஒன்று, பொருள் இரண்டு. முதல் படத்தில் நான் பார்ப்பது இயந்திரத்தின் இரைச்சல். இரண்டாவதில் பார்ப்பது, பெரும்பாலும், ஒளியின் இரைச்சல். இந்த வித்தியாசம் பிடிபட எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பிடிபட்ட பிறகு இருட்டில் எடுத்த எந்தப் படத்தையும் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

கோடையின் முதல் தூறல் விழும்போது முற்றத்துக் கல்தரையைப் பார்த்திருப்பீர்கள். இங்கே மூன்று சொட்டு, அங்கே ஒன்று, ஒரு முழ இடத்தில் ஒன்றுமே இல்லை. மழை என்னவோ எல்லா இடத்துக்கும் பொதுவாகத்தான் பெய்கிறது. சொட்டுகள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதால் அந்தப் பொதுத்தன்மை நம் கண்ணுக்கு எட்டுவதில்லை. கால்மணி நேரம் பெய்துவிட்டால் தரை முழுக்க ஒரே கருமை.

ஒளியும் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது. ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் கணக்கில் ஏறினால், பிக்சலுக்குப் பிக்சல் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 100 இருக்கும். நூற்றில் ஒரு பங்கு, கண்ணில் படாது. 100 ஃபோட்டான்கள்தான் ஏறின என்றால் ஏற்ற இறக்கம் 10. பத்தில் ஒரு பங்கு, பளிச்சென்று படும். எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் தடுமாற்றத்தின் அளவு. ஐ.எஸ்.ஓ. 100-க்குப் பதிலாக 6400-ல் எடுப்பது என்றால், அறுபத்து நான்கில் ஒரு பங்கு ஒளியை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது. படத்தோடு ஒப்பிட்டால் நாய்ஸ் எட்டு மடங்கு. கேமராவே குற்றமற்றதாக, ஒரு எலெக்ட்ரான்கூடத் தவறாமல் எண்ணுவதாக இருந்தாலும் இந்த எட்டு மடங்கு இருந்தே தீரும். ஏனென்றால் இது கேமராவில் இல்லை. அந்த இரவில், அந்தத் திடலில், அந்த விநாடியின் இருநூற்றைம்பதில் ஒரு பங்கில் விழுந்த வெளிச்சம் அவ்வளவுதான், அப்படித்தான்.

நம் கண்ணும் இதற்கு விலக்கில்லை. 1942-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூவர் சோதித்துப் பார்த்தார்கள். இருட்டுக்கு நன்றாகப் பழகிய விழித்திரை, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில ஃபோட்டான்களை உள்வாங்கினாலே மனிதனுக்கு வெளிச்சம் தெரிந்துவிடுகிறது. ராத்திரி விளக்கணைத்த அறையில் சுவர் மெல்ல நெளிவதுபோல, பொடிப்பொடியாக ஊர்வதுபோலத் தெரியுமே, நம்முடைய சொந்த உயர் ஐ.எஸ்.ஓ. அதுதான். சின்ன வயதில் மாடியில் படுத்தபடி அதைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

சரி, இயந்திரத்தின் இரைச்சல் எங்கிருந்து வந்தது?

சிசிடி என்பது 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உண்டாக்கியது. 2009-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன் வேலைமுறை நமக்குப் பழக்கமான காட்சிதான். வீட்டுக்கு கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் வரிசையாக நின்று கலவையைப் பாண்டு பாண்டாகக் கைமாற்றி மேலே ஏற்றுவார்கள் அல்லவா, அதேபோல ஒவ்வொரு பிக்சலிலும் சேர்ந்த மின்னூட்டத்தைப் பக்கத்துப் பிக்சலுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று நகர்த்திக்கொண்டே வந்து, ஓரத்தில் இருக்கும் ஒன்றிரண்டு பெருக்கிகளிடம் கொடுக்க வேண்டும். ஆறு மில்லியன் பாண்டுகள், வாங்கி அளக்க ஓர் ஆள். அந்த ஆள் அவசரப்பட்டாக வேண்டும். அவசரத்தில் அளவு பிசகும். அந்தக் காலத்து டிஎஸ்எல்ஆர்களில் ஒரு பிக்சலை அளக்கும்போது பத்து எலெக்ட்ரானுக்குமேல் பிசகுவது சாதாரணம்.

பத்து எலெக்ட்ரான் என்ன பெரிதா என்று தோன்றலாம். பகலில் பெரிதில்லை. கூத்துத் திடலின் இருட்டான மூலையில் ஒரு பிக்சலுக்கு இருபது எலெக்ட்ரான்தான் சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள். ஒளிக்கே உரிய தடுமாற்றம் அதில் நாலரை. அளப்பவரின் பிசகு பத்துக்கு மேல். ஆக, அந்த மூலையில் நான் பார்ப்பது துரியோதனனின் நிழலை இல்லை, பெருக்கியின் பதற்றத்தை. இன்றைய சென்சாரில் உயர் ஐ.எஸ்.ஓ.வில் அந்தப் பிசகு ஒன்றிரண்டு எலெக்ட்ரானாக இறங்கிவிட்டது. நாலரைக்கு எதிரே ஒன்றரை. இயந்திரம் வாயை மூடிக்கொண்டது. ஒளி பேசுவது கேட்கிறது.

இந்த மௌனம் ஒரே நாளில் வரவில்லை. 1990-களின் தொடக்கத்தில் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் எரிக் ஃபோசமும் அவர் குழுவினரும் சிமாஸ் சென்சாரை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். பாண்டு கைமாற்றும் வேலையே இல்லாமல், ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒரு பெருக்கி. அதில் வேறொரு சிக்கல்: ஒரு கடைத்தெருவில் இருக்கிற எல்லாத் தராசும் ஒரே எடை காட்டுமா? கோடிக்கணக்கான பெருக்கிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னச் சாய்வு இருக்கும். அதற்கு அவர்கள் கையாண்டது நெய்க்கடைக்காரரின் நியாயம். காலிச் செம்பை முதலில் எடை போட்டு, நெய் ஊற்றியபின் மறுபடி போட்டு, கழித்துச் சொல்வது. பிக்சலைத் துடைத்ததும் ஒருமுறை அளவு, மின்னூட்டம் வந்தபின் ஒருமுறை அளவு, இரண்டுக்கும் வித்தியாசம்தான் படம். இதை ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒவ்வொரு படத்திலும் கேமரா செய்துகொண்டிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த உழைப்பின்மேல் ஒரு மரியாதை வருகிறது.

2000-ல் கேனான் டி30 வழியாக சிமாஸ் டிஎஸ்எல்ஆருக்குள் வந்தது. 2007-ல் சோனி, எக்ஸ்மார் என்ற பெயரில், பிக்சல்களின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனி எண்மாற்றியை சென்சாரிலேயே வைத்தது. ஓர் ஆள் அவசரமாக அளந்த இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நிதானமாக அளக்கிறார்கள். இரைச்சலைக் குறைத்தது அந்த நிதானம்தான். பின்பு சென்சாரையே குப்புறப் புரட்டிப்போட்டு, ஒளிக்குக் குறுக்கே நின்ற கம்பிகளை அடிப்பக்கம் தள்ளினார்கள். சின்னக் கேமராக்களில் தொடங்கிய அந்த ஏற்பாடு முழு ஃபிரேமுக்கு வந்தது 2015-ல், சோனி ஏ7ஆர் II-ல்.

இந்த வரிசையில் என் மனம் நின்றுபோகும் இடம் 2007 ஆகஸ்ட். நிக்கான் டி3 அறிவிக்கப்பட்ட மாதம். பன்னிரண்டு மெகாபிக்சல்தான். போட்டியாளர்கள் பிக்சலைக் கூட்டிக்கொண்டே போன காலத்தில் நிக்கான்காரர்கள் எண்ணிக்கையை விட்டுக்கொடுத்து 36-க்கு 24 மில்லிமீட்டர் அகலத்தில் வலை விரித்தார்கள். ஐ.எஸ்.ஓ. 6400 சாதாரண வரம்புக்குள், நீட்டினால் 25,600. அதுவரை 1600 என்பதே தயங்கித் தயங்கித் தொடுகிற எல்லை. அடுத்த வருஷம் அதே சென்சார் டி700 என்ற சற்றே எளிய உடம்பில் வந்தது. 2010-ல் கைமாறி வந்த ஒன்றை நான் வாங்கினேன்.

அந்த வருஷத்துக் கூத்தை மறக்க முடியாது. எஃப் 2.8 லென்ஸ். பழைய கேமராவில் 1600-க்குமேல் போக முடியாததால் ஷட்டர் 1/60-லேயே நின்றுவிடும். திரையை விலக்கிக்கொண்டு வேஷக்காரர் சுழன்று ஆடத் தொடங்கினால், கிரீடம் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம், பாவாடை வெறும் புகை. அதனால் நான்கு வருஷமாக அவர்கள் நின்று வசனம் பேசும்போது மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன். என்னுடைய கூத்துப் படங்களில் கூத்தே இல்லை. டி700-ல் 6400 வைத்தேன். ஷட்டர் 1/250 வந்தது. துரியோதனன் சுழன்றபோது புஜகீர்த்தியில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. காலில் கட்டிய சலங்கை அந்தரத்தில் நின்றது. மண் எழும்பி நின்றது. கேமராவின் பின்திரையில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணல் மணலாக இருந்தது. அழகாக இருந்தது. அன்றுவரை நாய்ஸுக்கு எதிராகப் பார்த்த வார்த்தை "சுத்தம்" என்பதுதான். அன்று முதன்முறையாக நாய்ஸுக்கே ஓர் அழகு உண்டு என்று தோன்றியது.

டி700-ன் மணல் ஏன் அழகு என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு காரணம், அதில் நிறத் திட்டுகள் குறைவு. சென்சாருக்கு இயல்பாக நிறம் தெரியாது. கொடாக் நிறுவனத்தில் பிரைஸ் பேயர் வகுத்து, 1976-ல் காப்புரிமை பெற்ற முறைப்படி ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் சிவப்போ பச்சையோ நீலமோ ஒரு கண்ணாடி. பச்சை இரண்டு பங்கு, மற்றவை ஒவ்வொன்றும் ஒரு பங்கு. விட்டுப்போன நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களிடம் கேட்டு நிரப்பிக்கொள்கிறோம். ஒரு சிவப்புப் பிக்சல் தவறாகச் சொன்னால் அந்தப் பொய் சுற்றி நாலு வீட்டுக்குப் பரவும். கடுகளவு திட்டுகள் பிறப்பது இப்படித்தான். வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் பொடியாக இருக்கும், நிறத்தின் ஏற்ற இறக்கம் திட்டாக இருக்கும். முன்னதைக் கண் மன்னித்துவிடுகிறது. பின்னதை மன்னிப்பதில்லை, முகத்தில் ஊதாத் திட்டு எந்த இயற்கையிலும் இல்லாததால்தானோ என்னவோ.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2006-ன் திடலில் எரிந்தவை குண்டு பல்புகளும் ஆலஜன் ஃபோகஸ் லைட்டுகளும். 2019-ல் எல்லாம் எல்இடி. குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு ஏராளம், நீலம் அரிது. நீலக் கண்ணாடி போட்ட பிக்சல்கள் பட்டினி கிடக்கும். பிறகு முகத்தின் மஞ்சளைப் போக்குவதற்கு வெண்மைச் சமன் செய்யும்போது, அந்தப் பட்டினி கிடந்த நீலத்தை இரண்டு மூன்று மடங்காகப் பெருக்குகிறோம். நீலத்தோடு சேர்ந்து அதன் நாய்ஸும் பெருகுகிறது. ஆகவே என் மேசைமேல் இருக்கும் இரண்டு படங்களின் வித்தியாசத்தில் ஒரு பங்கு விளக்குக்குச் சேர வேண்டியது. அதே குண்டு பல்புகளின் கீழ் 2010-ல் டி700-ல் எடுத்தவை இல்லாவிட்டால் இவ்வளவு உறுதியாக எழுத மாட்டேன்.

இது தெரிந்தபின் 2006-ன் படங்களிடம் திரும்பிப் போனேன். ரா ஃபைல்களைத் திறந்து, நீலத்தை முழுக்கத் தள்ளிவிட்டு, சிவப்பையும் பச்சையையும் மட்டும் கலந்து கறுப்பு வெள்ளையாக்கினேன். திட்டுகள் மறைந்தன. அடியிலிருந்து கரடுமுரடான, ஆனால் ஒழுங்கான மணல் எழுந்து வந்தது. நிறத்தில் தோற்றுப்போன படம் கறுப்பு வெள்ளையில் நிமிர்ந்து நின்றது. கடந்த சில வருஷங்களாக இளைஞர்கள் 2000-களின் சிசிடி கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். அவர்கள் அன்பில் பொய் இல்லை. குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் அந்தக் கேமராக்களில் பல தருகிற நிறம் இன்றும் இனிமையானது. அந்த இனிமையை சிசிடிக்கே எழுதிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நிறம் என்பது தலையில் வைத்த கண்ணாடியிலும், பிறகு நடக்கும் கணக்கிலும் இருப்பது. ஆனால் அந்தக் கேமராக்களின் 1600-ஐக் கறுப்பு வெள்ளையில் பார்க்கச் சொல்வேன். அதற்குத் தனிக் கம்பீரம்.

ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் நாய்ஸ் வரும் என்பது நம் ஊரில் எல்லா ஃபோட்டோகிராஃபரும் முதல் பாடமாகக் கற்பது. பாதி உண்மைதான். நாய்ஸுக்குக் காரணம் ஒளியின் வறுமை. ஷட்டரும் அப்பர்ச்சரும் அதே நிலையில் இருக்க, ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஏற்றினால் பழைய கேமராக்களில் நிழல் பகுதி தெளியும், கெடாது. அளப்பதற்கு முன்பே சிக்னலைப் பெரிதாக்கிக் கொடுப்பதால் அளப்பவரின் பிசகு சிறுத்துவிடுகிறது. 2006-ல் கல்யாண வீடுகளில் 400-ல் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நம்பி எத்தனை படங்களைப் பாழாக்கினேன்! அப்போதே 1600 வைத்திருக்க வேண்டும். புதிய சென்சார்கள் பலவற்றில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஃபிலிமின் மணியோடு இதை ஒப்பிடாமல் போக முடியாது. வெள்ளி உப்பின் படிகங்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, வரிசையில் நிற்காது. கொடாக் ட்ரை-எக்ஸ் 35 மில்லிமீட்டரில் 1954-ல் வந்தது. 400 வேகமுள்ள அதை 1600 என்று பாவித்து எடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் போட்டு இழுப்பார்கள். இருட்டறையில் நான் வேலை பழகியது உதகையில் தயாரான இந்து ஃபிலிமிலும் தாளிலும். அந்த மணி நடுத்தரச் சாம்பலில்தான் ஓங்கித் தெரியும், வானத்தில், கன்னத்தில். டிஜிட்டல் நாய்ஸ் நிழலில் குடியிருக்கும். அதனால் டிஜிட்டல் படத்தின்மேல் செயற்கையாக மணி தூவும்போது எல்லா இடத்திலும் ஒரே கையாகத் தூவினால் உடனே பொய் தெரிந்துவிடும். நிறக் கண்ணாடியே வேண்டாம் என்று 2012-ல் லைக்கா எம் மோனோக்ரோம் என்ற கேமரா வந்தது. ஒவ்வொரு பிக்சலுக்கும் முழு வெளிச்சம், அக்கம்பக்கத்தில் கேட்டு நிரப்பும் வேலை கிடையாது. அதில் எடுத்த பிரிண்ட்களை ஒருமுறை கண்காட்சியில் பார்த்தேன். ஃபிலிமைப் போல இருக்கிறது என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு அது ஃபிலிமைப் போலத் தெரியவில்லை. முதன்முதலாக ஒரு டிஜிட்டல் படம் தன்னைப் போலவே இருப்பதாகத் தெரிந்தது.

நாய்ஸைத் திரையில் நூறு சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்ப்பது ரசனைக்குப் பெரிய கேடு. 24 மெகாபிக்சல் படம் 6,000 பிக்சல் அகலம். சாதாரண மானிட்டரில் அங்குலத்துக்கு 96 பிக்சல். அப்படியென்றால் ஐந்தடிக்கு மேல் அகலமான படத்தின் முன்னால் ஒன்றரை அடியில் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கோயில் சுவரோவியத்தை யாராவது அப்படிப் பார்ப்பார்களா? பிரிண்ட் போட வேண்டும், கை நீட்டும் தூரத்தில் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு மெகாபிக்சலும் நாற்பத்தைந்து மெகாபிக்சலும் ஒரே அளவுத் தாளில் இறங்கும்போது நாய்ஸில் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். தாளின் நூலிழையும் மையின் பரவலும் மணலைத் தம்மோடு சேர்த்துக்கொள்ளும். மேட் தாளில் போட்டால் 6400-ன் நாய்ஸ் தாளின் சொரசொரப்பா படத்தின் சொரசொரப்பா என்று பிரிக்க முடியாது.

பிரிண்ட் போடும் லேபில் ஒரு பையன் இருக்கிறான், கெட்டிக்காரன். ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

"அண்ணே, இதுல நாய்ஸ் இருக்கு. ஒரே கிளிக்தான், கிளீன் பண்ணிரட்டுமா?"

"வேண்டாம் தம்பி. அப்படியே போடு."

அவன் சொல்லும் அந்த ஒரு கிளிக்கின் ஆற்றலை நான் குறைத்துப் பேசவில்லை. லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள் அது. 2020-ல் டிஎக்ஸ்ஓவின் டீப்பிரைம் வந்தது. 2023-ல் அடோபியின் லைட்ரூமுக்குள்ளேயே வந்துவிட்டது. நிறத் திட்டுகளை அவை எடுக்கிற நேர்த்தி, பத்து வருஷத்துக்கு முன் கனவில்கூடக் கிடைக்காதது. 2006-ன் ரா ஃபைல்களுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். அங்கே அது துடைப்பது இயந்திரத்தின் அழுக்கை. 2019-ன் படத்துக்கும் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். இருட்டு வெல்வெட் ஆனது. முகம் மெழுகானது.

துரியோதனனுக்குச் சிவப்பு. அதன்மேல் மீசையையும் புருவத்தையும் சுற்றி முத்துவெள்ளையில் கோடுகளும் பொட்டுகளும். ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்ட ஒப்பனை மூன்று மணிக்கு வேர்வையில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, வயல் வெடித்ததுபோல நுணுக்கமாக வெடித்திருக்கும். அந்த வெடிப்பு நாய்ஸின் அளவேதான் இருக்கிறது, இரண்டு மூன்று பிக்சல் அகலம். மென்பொருளுக்கு அது நாய்ஸா, ஒப்பனையா என்று தெரிய வழியில்லை. எது ஒளி, எது வெடிப்பு என்று ஊகித்தது. சில இடத்தில் துடைத்தது, சில இடத்தில் இல்லாத ரோமங்களைத் தானாக வரைந்தது. அது பொய் சொல்கிறது என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன் பார்த்த லட்சம் முகங்களை வைத்து நியாயமாகத்தான் யோசிக்கிறது. அந்த லட்சத்தில் விடிகாலை மூன்று மணித் துரியோதனன் இருந்திருக்கப்போவதில்லை.

இரண்டையும், துடைத்ததையும் துடைக்காததையும், வேஷக்காரரிடமே எடுத்துக்கொண்டு போனேன். மணல் இருக்கிற படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, நெடுநேரம் பார்த்தார்.

"முத்துவெள்ள வெடிச்சிருக்குது பாரு. அன்னிக்கி வேர்வ ஜாஸ்தி."

"ஆமாங்க வாத்தியாரே."

"இதுல பாட்டு முடிஞ்சிட்டுது. மூச்சு வாங்கிட்டு நிக்கிறேன்." இன்னொரு படத்தைக் காட்டி, "இது யாரோ மாரி கீது" என்றார்.

செல்போன்கள் செய்வது வேறு வித்தை. கூகுளின் நைட் சைட் 2018-ல் வந்தபோது ஒரு படத்துக்குப் பதிலாகப் பதினைந்து படம் வரை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி பார்த்தது. இது நேர்மையான முறை. மழையை நிஜமாகவே கூடுதல் நேரம் பெய்ய விடுவது. பதினாறு படம் சேர்ந்தால் நாய்ஸ் நான்கில் ஒன்றாகும். நகராத கோபுரத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. சுழல்கிற துரியோதனனுக்கு ஒரே ஒரு 1/250 விநாடிதான் உண்டு, இரண்டாவது கிடையாது.

உச்ச எண்களின் பந்தயத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தோன்றவில்லை. 2014-ல் சோனி ஏ7எஸ் 4,09,600 என்றது. 2016-ல் நிக்கான் டி5 முப்பத்திரண்டு லட்சத்து எண்பதாயிரம் என்று நீட்டியது. அந்த எண்ணில் எடுத்த படங்களில் உருவத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். என் சந்தோஷமெல்லாம் 3200-க்கும் 12,800-க்கும் நடுவில். மணல் தெரியும், மணலைத் தாண்டி முகமும் தெரியும். அவை இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் அளவு அதுதான்.

2019-ல் நிக்கான் இசட் 6-ல் எடுத்த அந்த இரவின் படங்களை எடுத்த வரிசையிலேயே பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த காரியம். பதினெட்டாம் போர் விடிய விடிய நடக்கும். இரண்டு மணிக்கு 12,800. மூன்று மணிக்கு, விளக்கருகில், 6400. ஐந்தேகாலுக்குக் கிழக்கில் சாம்பல் வெளுக்கிறது, 5000. பிறகு ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் எண் இறங்குகிறது: 2500, 1250, 640. திரையில் ஒவ்வொரு படமாகத் தள்ளும்போது மணல் மெல்லக் கரைகிறது. தூறல் வலுத்து மழையாகித் தரை நனைந்துவிடுகிறது. எங்கே நாய்ஸ் நின்றது என்று கைவைத்துச் சொல்லக்கூடிய படம் அதில் இல்லை. ஆறரை மணிக்கு 100. வெயில். படுகளத்தில் மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். அவன் மார்பில் பூசிய ஈரமண்ணில் ஒருவருடைய ஐந்து விரல் தடமும் ரேகை ரேகையாகத் தெரிகிறது.

மறுபடி பின்னால் தள்ளி மூன்று மணிக்குப் போகிறேன். அந்தப் படத்தில் முகத்துக்குப் பின்னால் திடலின் கோடியில், இருட்டுக்குள், ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியும் மூக்குத்தியும் மட்டும் தெரிகின்றன. மூக்குத்தி நாலு பிக்சல். நெற்றிக்குச் சில ஃபோட்டான்கள் வந்திருக்கின்றன. பிரிண்டில் அவளைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.